படத்தில் நான் எங்கே?

மாமல்லபுரம் கல்விச் சுற்றுலா முடிந்து வந்த மறு வாரம். எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், பெரிய திரையில் சுற்றுலாப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டலும் கூச்சலும்.

கடற்கரைக் கோயிலின் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்கும் படம் வந்தது. அன்று நான் எடுத்த 312 படங்களில் இதைத்தான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மாட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வானம் அவ்வளவு அழகாக இருந்தது.

"மிஸ், நான் எங்க இருக்கேன்?" என்று ஒரு மாணவன் எழுந்து நின்று கேட்டான்.

நான் தேடுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நீ கருப்புடா, அதான் தெரியல. பல்லு மட்டும் தெரியுது பாரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அவனும் சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு காட்டிய எந்தப் படத்தையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை தாம்பரத்திலிருந்து வீட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்து அதே படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வகுப்பிலேயே சிவப்பான பிள்ளையின் முகமும் இருட்டாகத்தான் இருந்தது. கோயில் கோபுரமும் இருட்டு. நாற்பது பிள்ளைகளும் நாற்பது நிழல்களாக நின்றார்கள். வானமும் கடலும் மட்டுமே தெளிவாக இருந்தன. அதாவது, பிள்ளைகளை அழைத்துப் போய் வானத்தைப் படம் எடுத்து வந்திருக்கிறேன்.

நான் புகைப்படக் கலைஞர் இல்லை. ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. ஒளியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் ஒளியை வைத்தே இப்படித் தவறு செய்திருக்கிறேனே என்ற வெட்கத்தில்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அப்படிக் கற்றதில் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சுற்றுலாவின்போது உதவக்கூடியவற்றை மட்டும் இங்கே பகிர்கிறேன். இதற்குப் புதிய கேமராவோ விலை உயர்ந்த கைபேசியோ தேவையில்லை.

கேமரா எப்படிப் பார்க்கிறது?

நம் கண்ணும் மூளையும் சேர்ந்து வெளிச்சமான வானத்தையும் நிழலில் இருக்கும் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்த அளவுக்குத் திறமை கிடையாது. தன் முன்னால் இருக்கும் காட்சி மொத்தத்தையும் சராசரியாக்கி, அது நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் அளவுக்கு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. காட்சியில் பெரும்பகுதி பளிச்சென்ற வானமாக இருந்தால், "வெளிச்சம் அதிகம், குறைக்க வேண்டும்" என்று முடிவு செய்கிறது. வானம் சரியாக வரும். அதற்கு முன்னால் நிற்கிறவர்கள் இருட்டாகிவிடுவார்கள். இருட்டான குகை மண்டபத்தின் முன்னால் நிறுத்தினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; முகங்கள் வெளிறிப்போகும்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு வெள்ளை சார்ட் தாளைத் திரை முழுவதும் நிறையும்படி கைபேசியில் படம் எடுங்கள். அடுத்து, துடைத்த கரும்பலகையை அதே மாதிரி திரை நிறைய எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வெள்ளைத் தாள் மங்கலாகவும் கரும்பலகை வெளுத்தும் வந்திருக்கும். இரண்டும் சாம்பலை நோக்கி நகர்ந்திருக்கும். இன்றைய கைபேசிகள் பல திருத்தங்களைத் தாமாகவே செய்வதால் வித்தியாசம் கூடலாம், குறையலாம். ஆனால் அடிப்படை இதுதான்.

மறுநாள் முதல் பாடவேளையில் நான் செய்தது இந்தச் சோதனையைத்தான். படங்களைக் காட்டிவிட்டு அந்த மாணவனைப் பார்த்துச் சொன்னேன்: "நேத்து படத்துல நீ தெரியாததுக்கு உன் நிறம் காரணம் இல்லப்பா. வெளிச்சத்துக்கு எதிர்ல உங்களை நிறுத்திட்டு நான் எடுத்தேன். தப்பு நான் நின்ன இடத்துல. நேத்து நான் சிரிச்சதும் தப்பு."

உலக அளவிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஃபிலிம் சுருள் இருந்த காலத்தில், படம் கழுவும் கடைகளில் நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் ஓர் அட்டை கொடுத்தது. அதன் பெயர் 'ஷெர்லி அட்டை'. அதில் இருந்தது வெள்ளைத் தோல் உள்ள ஒரு பெண்ணின் படம். பல ஆண்டுகள் அந்தத் தோலுக்கு ஏற்பவே நிறங்கள் சரிசெய்யப்பட்டதால், கறுப்பான முகங்கள் விவரம் இல்லாமல் அப்பிக்கொண்டு வந்தன. சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று குறை சொன்னது ஃபிலிமை மேம்படுத்த ஒரு காரணமாக இருந்தது. 2021-இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைபேசியில், எல்லாத் தோல் நிறங்களும் உள்ளபடி வர வேண்டும் என்று ஒரு தனி வசதியையே அறிமுகம் செய்தது. கருவி தனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்யும். குறை மனிதரின் நிறத்தில் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சரி, இதற்குத் தீர்வு என்ன? கைபேசித் திரையில் ஒரு முகத்தின் மீது விரலால் தொடுங்கள். கேமரா அந்த முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கணக்கிடும். பெரும்பாலான கைபேசிகளில், தொட்ட இடத்துக்கு அருகில் சிறிய சூரியன் குறி ஒன்று தோன்றும். அதை மேலே நகர்த்தினால் படம் வெளிச்சமாகும், கீழே நகர்த்தினால் இருளும். பல கைபேசிகளில் தொட்ட இடத்தில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த அளவு அப்படியே நிலைத்து நிற்கும். குழுவில் எந்த முகம் மிக நிழலில் இருக்கிறதோ அதைத் தொட்டு எடுப்பது இப்போது என் வழக்கம்.

சூரியன் எந்தப் பக்கம்?

விரலால் தொட்டுச் சரிசெய்வதைவிட நல்ல வழி, சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் இருப்பது. நாங்கள் அன்று செய்த தவறை விவரமாகச் சொல்கிறேன். பலரும் செய்யும் தவறுதான் இது.

தாம்பரத்திலிருந்து காலையிலேயே கிளம்பி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஒன்பது மணி வாக்கில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளுக்குக் கடலைப் பார்க்கும் அவசரம். முதலில் கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்குக் கிழக்கே கடல். நாம் வருவது மேற்கிலிருந்து. கோயிலும் கடலும் பின்னால் தெரியும்படி பிள்ளைகளை நிறுத்தினால், காலைச் சூரியன் அவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முகங்கள் இருளாமல் என்ன செய்யும்?

பகீரதன் தவம் என்றும் அர்ச்சுனன் தபசு என்றும் சொல்லப்படும் பெரிய புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கியது. அங்கே நாங்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் போனோம். வெயில் பாறையின் பின்பக்கம் போய்விட்டது. சிற்பம் முழுக்க நிழலில் தட்டையாகத் தெரிந்தது.

ஐந்து ரதங்களுக்கு நடுப்பகலில் போனோம். அவற்றில் பெரும்பாலானவை மேற்கு நோக்கியவை. உச்சி வெயிலில் முகப்பில் ஒளியே படவில்லை.

மூன்று இடங்களுக்கும் தவறான மூன்று நேரங்களில் போயிருக்கிறோம்! அடுத்த ஆண்டு வரிசையை மாற்றிக்கொண்டோம். காலையில் வந்ததும் பெரிய புடைப்புச் சிற்பம். வெயில் ஏறியதும் அருகிலுள்ள கிருஷ்ண மண்டபம், குகைக் கோயில்கள். உள்ளே நிழல், பிள்ளைகளுக்கும் களைப்புத் தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு மேல் ஐந்து ரதங்கள். நாலரை மணிக்குக் கடற்கரைக் கோயில். இப்போது சூரியன் மேற்கே இருக்கும். பிள்ளைகள் முகத்திலும் கோயில் சுவரிலும் மஞ்சள் வெயில் விழும். அதே கைபேசி, அதே பிள்ளைகள், அதே இடம்தான். படம் மட்டும் வேறு.

எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், பார்க்கப் போகும் இடம் எந்தத் திசை நோக்கியது என்று முந்தைய நாளே வரைபடத்தில் பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. கிழக்கு நோக்கியது காலையில், மேற்கு நோக்கியது மாலையில். இதைப் பிள்ளைகளிடமே வேலையாகக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திசையும் வரைபடமும் கற்பிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இன்னொரு தகவல். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் போன்ற இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் வயதைக் காட்டும் பட்டியலைப் பள்ளி முத்திரையுடன் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாணயமும் டார்ச்சும்

சிற்பங்களை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் ஏன் தட்டையாக வருகிறது? இதற்கும் ஒரு வகுப்பறைச் சோதனை உண்டு.

மேசையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஜன்னல்களைச் சாத்துங்கள். டார்ச் விளக்கை நாணயத்துக்கு நேர் மேலே பிடித்து ஒரு படம் எடுங்கள். அடுத்து, டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். முதல் படத்தில் சிங்கமுகங்கள் மங்கலாக இருக்கும். இரண்டாவதில் ஒவ்வொரு மேடும் தனக்குப் பக்கத்தில் ஒரு நிழலைப் போட்டுத் துல்லியமாக எழும்பி நிற்கும். மேடு பள்ளத்தை நமக்குக் காட்டுவது வெளிச்சம் மட்டுமல்ல, நிழலும்தான்.

பெரிய புடைப்புச் சிற்பத்திலும் இதுவேதான். சூரியன் உதித்த உடனே நேராக முகத்தில் அடிக்கும். ஒன்பது, பத்து மணிக்குச் சூரியன் மேலேறி ஒளி சாய்வாக விழும்போது யானைகளின் காதுகள், தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் உள்ள எலிகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கல்வெட்டு எழுத்துகளையும் இப்படிச் சாய்வான ஒளியில்தான் எடுக்க வேண்டும். பளிச்சென்று ஃபிளாஷ் போட்டால் எழுத்து மறைந்துவிடும்.

குழுப்படம் எடுப்பது எப்படி?

சுற்றுலாவில் தவிர்க்க முடியாதது குழுப்படம். நாம் அதிகம் தவறு செய்வதும் இதில்தான். நான் இப்போது பின்பற்றும் முறை இது.

முதலில், லென்ஸைப் பருத்தித் துணியால் துடைக்கிறேன். எண்ணெய் விரல் பட்ட லென்ஸில் படம் பனி மூடியதுபோல வரும். கைபேசி சரியில்லை என்று நாம் நினைக்கும் பல படங்களுக்குக் காரணம் இதுதான்.

நடுப்பகலாக இருந்தால் பிள்ளைகளை மர நிழலுக்கோ கட்டட நிழலுக்கோ நகர்த்துகிறேன். உச்சி வெயிலில் எல்லோர் கண்குழியிலும் கறுப்பு நிழல் விழும், கண்ணையும் கூசும். ஆனால் இலைகளின் இடையே வெயில் பொட்டுப் பொட்டாக விழும் நிழல் வேண்டாம். முகத்தில் திட்டுத் திட்டாக விழும்.

நாற்பது பேரையும் ஒரே நீள வரிசையில் நிறுத்துவதில்லை. அப்படி நிறுத்தினால் எல்லோரையும் அடக்க அகலக்கோண லென்ஸுக்கு மாற வேண்டியிருக்கும். அது ஓரங்களை இழுத்துவிடும்; ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் முகம் அகலமாகித் தெரியும். எந்தக் குழுப்படத்திலும் ஓரத்தில் போய் நிற்பது யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் எப்போதும் கூச்சப்படும் அதே பிள்ளைகள்தான். ஆகவே மூன்று வரிசையாக, முன்னால் உட்கார்ந்தும் நடுவில் முட்டி போட்டும் பின்னால் நின்றும் இருக்கச் சொல்லிவிட்டு, சாதாரண லென்ஸிலேயே நான் பத்தடி பின்னால் போகிறேன். ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் நிற்பவர்களை மாற்றுகிறேன்.

கைபேசியைப் பிள்ளைகளின் கண் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடிக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள். நாம் நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் பிள்ளையின் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். தரையில் உட்கார்ந்து எடுத்தால் பிள்ளை பிள்ளையாக வரும்.

எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாமல் ஐந்தாறு படங்கள் தொடர்ந்து எடுக்கிறேன். நாற்பது பேரில் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். பிறகு ஒரு நல்ல படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அன்றே அழித்துவிடுகிறேன்.

எதற்காக எடுக்கிறோம்?

அந்த 312 படங்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுலா அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அந்தச் சிற்பத்துல யானை நிஜ யானை அளவு இருக்குமா?" படங்களைத் தேடினேன். யானையின் படங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. ஒன்றிலும் யானைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அளவு சொல்ல முடியவில்லை. மற்ற படங்களில் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பின்னால் இருப்பது எதுவென்று தெரியாத அளவுக்கு மறைத்துக்கொண்டு நின்றார்கள். 312 படங்களால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இங்கே ஒரு பழைய பயணியைச் சொல்லத் தோன்றுகிறது. லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. 1856-இல் சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858-லும் திருச்சி, தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை எனப் பயணம் செய்து படம் எடுத்தார். பெரிய கேமரா, ரசாயனங்கள், காகித நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. ஒரு படம் என்பதே ஒரு பெரிய வேலை. ஆகவே எதை, ஏன் எடுக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக ஆக்கினார். அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்டதல்ல அது. எழுத்துகள் பதிவாக வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்டது.

நம் கையில் இருக்கும் கைபேசி நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். ஆனால் டிரைப் கேட்டுக்கொண்ட கேள்வியை நாம் கேட்பதில்லை. இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில்?

இப்போது ஒவ்வோர் இடத்திலும் மூன்று படங்கள் எடுக்கச் சொல்கிறேன். தூரத்திலிருந்து ஒன்று: இடம் எங்கே இருக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று தெரிய. நடுத்தூரத்தில் ஒன்று: பொருள் முழுவதும், பக்கத்தில் ஓர் ஆளோடு, அளவு தெரிய. அருகில் ஒன்று: ஒரே ஒரு நுணுக்கம். இலை, கல், பூச்சி போன்ற சிறியவற்றுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைக்க வேண்டும். சிற்பங்களைத் தொடவோ அவற்றின் மேல் எதையும் வைக்கவோ கூடாது. அவற்றுக்கு ஆள் தள்ளி நின்றாலே போதும். வெண்ணெய்ப் பந்துப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் எடுக்கும் படத்தையும் நான் தடுப்பதில்லை. ஆனால் வந்ததும் கேட்பேன்: பக்கத்தில் இருக்கும் கை எப்படி இவ்வளவு பெரிய பாறைக்குச் சமமாகத் தெரிகிறது? படத்தில் தூரம் தெரிவதில்லை என்ற பாடம் அதில் வந்துவிடும்.

பக்கத்திலேயே பயணம்

எல்லாப் பள்ளிக்கும் எல்லா ஆண்டும் வெளியூர்ச் சுற்றுலா கிடைக்காது. தாம்பரத்தைச் சுற்றி அரை நாளில் போய்வரும் இடங்களே போதுமானவை.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாளில் திட்டமிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விலங்கை எடுக்கும்போது கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் நம் பிம்பம் விழாது. ஃபிளாஷ் வேண்டாம். அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும், விலங்குகளையும் மிரட்டும்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே பூநாரையைப் பார்த்ததும் எல்லோரும் கைபேசியில் இரு விரலால் பெரிதாக்குவார்கள். அப்படிப் பெரிதாக்குவது பல கைபேசிகளில் படத்தின் ஒரு பகுதியை வெட்டி விரிப்பதுதான். பறவை வெறும் புள்ளிக் கூட்டமாகத்தான் வரும். நான் பிள்ளைகளிடம் சொல்வது: பறவையைக் கண்ணால் பாருங்கள், நோட்டில் வரையுங்கள். படத்தில் பறவை வாழும் இடத்தை எடுங்கள். தண்ணீர், கோரை, பின்னால் எழும் அடுக்குமாடிகள், ஓரத்தில் குப்பை. அந்த ஒரு படத்தை வைத்து ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

மூன்றாவது, எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஏரி. சேலையூர், சிட்லப்பாக்கம், பீர்க்கன்காரணை என நம் பகுதியில் ஏரிக்குப் பஞ்சமில்லை. கரையில் ஓர் அசையாத அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு மின்கம்பம், ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், ஒரே உயரத்தில் ஒரு படம். கரையிலிருந்து தள்ளி, ஆசிரியர் உடனிருக்க மட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், பாடப்புத்தகத்தில் நீர்நிலை பற்றி உள்ள பக்கங்கள் உயிர்பெற்றுவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று எங்கள் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்தார்கள். ஒருவர் இடுப்பளவு என்கிறார், ஒருவர் கழுத்தளவு என்கிறார். சுவரில் தண்ணீர்க் கறையோடு பக்கத்தில் ஓர் ஆளும் நிற்கும் ஒரே ஒரு படம் இருந்திருந்தால் அது சான்று.

கைபேசி மாணவர் கையில்

ஆசிரியரே எல்லாப் படத்தையும் எடுத்தால் பிள்ளைகள் 'போஸ்' கொடுப்பவர்களாக மட்டுமே இருப்பார்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஓர் ஆசிரியரின் கைபேசி. ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். ஒரு குழுவுக்கு நாள் முழுவதற்கும் பன்னிரண்டு படங்கள்தான் என்று எண்ணிக்கை வைத்தோம். எண்ணிக்கை வைத்தவுடன் பிள்ளைகள் பேசத் தொடங்கிவிட்டார்கள். "இது வேண்டாம்டா, வெயில் பின்னாடி இருக்கு." "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தா கோயில் முழுசாத் தெரியும்." பார்ப்பதற்கு முன்னால் யோசிப்பதைத்தானே நாம் கற்றுத்தர ஆசைப்படுகிறோம்!

ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும்: எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையைப் பார்த்து, ஏன் எடுத்தோம். எழுதவே தயங்கும் பிள்ளைகள்கூட, தாங்கள் எடுத்த படத்துக்கு நான்கு வரி எழுதிவிடுகிறார்கள்.

ஓடும் ரயிலின் வாசலிலும், பாறை விளிம்பிலும், கடல் அலையிலும் படம் கிடையாது. பின்னால் நடந்துகொண்டே எடுப்பதும் கிடையாது. இந்த இரண்டு விதிகளைப் புறப்படும் முன்பே பிள்ளைகளை வைத்தே சொல்லச் சொல்கிறோம்.

படம் எடுத்த பிறகு

படம் எடுத்ததும் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது இல்லை. பிள்ளையின் முகம், சீருடை, பள்ளிப் பெயர்ப் பலகை மூன்றும் ஒரே படத்தில் இருந்தால், அந்தப் பிள்ளை தினமும் எங்கே இருக்கும் என்பதை யாரும் தெரிந்துகொள்ளலாம். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, நம் பிள்ளையின் படத்தைக் கேட்காமல் ஒருவர் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? சுற்றுலா ஒப்புதல் கடிதத்திலேயே படம் பற்றி ஒரு வரி சேர்த்துப் பெற்றோரிடம் கேட்கிறோம். வேண்டாம் என்பவர்களின் பிள்ளை படத்துக்கு வெளியே தனியாக நிற்காதபடி, அவர்களையும் சேர்த்து முதுகுப்புறமாக ஒரு படம், கைகள் மட்டும் ஒரு படம் என எடுத்துவிடுகிறோம். கேமரா அமைப்பில் இருப்பிடம் பதிவதையும் அணைத்துவிடுகிறோம்.

வழியில் வலை பின்னும் மீனவரையோ சங்கு மாலை விற்கும் அம்மாவையோ எடுப்பதானாலும் அப்படித்தான். "ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று பிள்ளையே போய்க் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், வணக்கம் சொல்லி நகர வேண்டும்.

மீண்டும் கடற்கரைக் கோயில்

மறு ஆண்டு எட்டாம் வகுப்போடு மீண்டும் மாமல்லபுரம் போனோம். அந்த மாணவனும் வந்தான். நான் சொல்லாமலே அவன் தன் குழுவில் வெளிச்சம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தான். நாலரை மணிக்குக் கடற்கரைக் கோயிலின் மேற்குப் பக்கம் எல்லோரையும் நிறுத்தினேன்.

"மிஸ், வெயில் நேரா கண்ணுல அடிக்குது. எல்லாரையும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பச் சொல்லுங்க" என்றான். சொன்னேன். பிறகு என் கைபேசியை வாங்கி, தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்து, நிழலில் நின்ற ஒரு பிள்ளையின் முகத்தைத் தொட்டு, பத்து நொடி டைமர் போட்டுவிட்டு ஓடி வந்தான். என்னையும் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினான். முந்தைய ஆண்டின் 312 படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் படத்தை இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வானம் சற்று வெளுத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் நாற்பது முகங்களும் அவற்றின் நிறத்தோடு தெரிகின்றன. பின்வரிசையில் மூன்றாவதாக, ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காமல், அவன் நிற்கிறான்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த சுற்றுலாவில் படம் எடுக்கும் முன் ஒரு நொடி திரும்பிச் சூரியன் எங்கே என்று பாருங்கள். பிறகு ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.